அளந்த பிறகு சொல்வது

சென்னையில் கத்திரி வெயில் தொடங்கிவிட்டால், ஏ.சி. மெக்கானிக்குகளுக்கு உண்ணவும் உறங்கவும் நேரம் கிடைப்பதில்லை. அத்தகைய நாட்களில் அவர்கள் எவ்வளவு நிதானத்தோடு தொழில் செய்கிறார்கள் என்பதை அருகிலிருந்து காண வேண்டும் என்ற ஆவலால், ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் இத்தொழிலைப் பயின்று, பின்னர் வீடு வீடாகச் சென்று அதில் தேர்ச்சி பெற்ற ஒருவருடன் திருவான்மியூரிலுள்ள ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன்.

அங்கே ஏ.சி. சரியாகக் குளிரவில்லை என்பது புகார். முன்பு வந்து பார்த்தவர் கேஸ் குறைந்துவிட்டது என்று சொல்லிப் போயிருந்தார். நம்மவர் கருவிப் பையைத் திறக்கவில்லை. வீட்டுக்கார அம்மாளிடம் கேள்விகளைத்தான் கேட்டார்.

"எத்தனையில வெச்சா குளிருதும்மா?"

"இருபத்திநாலுல வெச்சா ஒரே புழுக்கம், தம்பி. பதினெட்டுல வெச்சா நல்லாத்தான் குளிருது."

"வெளியில இருக்கிற மெஷின் நின்னு நின்னு ஓடுதா, ஓயாம ஓடுதா?"

"கொஞ்ச நேரம் ஓடுது, நின்னுடுது. ஃபேன் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு."

இவ்விரண்டு பதில்களிலேயே நோயின் பாதி வெளிப்பட்டுவிட்டது என்பதை அவர் விளக்கியபோதுதான் உணர்ந்தேன். கேஸ் குறைந்திருந்தால் கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடியும் அறை குளிராது. பதினெட்டில் வைத்தாலும் பயனிராது. இங்கோ குளிர்விக்கும் சக்தி குறைவின்றி இருக்கிறது. போதும் என்ற கட்டளைதான் அகாலத்தில் பிறக்கிறது. அந்தக் கட்டளைக்கு ஆதாரம் அறையின் உஷ்ணத்தை அறிவிக்கும் சென்ஸர். ஆகவே சந்தேகம் அதன்மேல் விழுந்தது.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, உள்ளே மாட்டியிருந்த யூனிட்டின் முகப்பைக் கழற்றினார். அங்கே இரண்டு சென்ஸர்கள் இருந்தன. காற்று உள்ளே புகும் வழியில், காயிலுக்கு முன்னால் நிற்பது அறைக்குரியது. காயிலோடு ஒட்டிய செப்புக் குழலுக்குள் செருகியிருப்பது காயிலுக்குரியது. மிளகைவிடச் சற்றே பெரிதான அறைச் சென்ஸரின் தலைக்குள் இருப்பது தெர்மிஸ்டர் எனும் பொருள். உஷ்ணம் ஏற ஏற அதன் மின்தடை குறையும். உஷ்ணம் இறங்க இறங்கக் கூடும். 1833-ல் மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்ஃபைடில் கண்டறிந்த இந்தக் குணமே இன்று நம் வீட்டுச் சுவரில் இரவும் பகலும் வேலை செய்கிறது.

இந்த வகைச் சென்ஸர் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்ட வேண்டும். அறையில் அவர் வைத்த வெப்பமானி 31 டிகிரி காட்டிற்று. அந்த உஷ்ணத்துக்கு மின்தடை ஏறக்குறைய 7.7 கிலோ ஓமாக இருத்தல் வேண்டும். போர்டிலிருந்து அறைச் சென்ஸரின் கனெக்டரை உருவி மல்டிமீட்டரின் முனைகளை வைத்தபோது 9.5 வந்தது. கனெக்டரில் களிம்பு ஏறியிருக்கலாமென்று, அதைத் துடைத்து மறுபடி அளந்தார், அதே எண். அதாவது, 31 டிகிரி அறையை 26 என்று சென்ஸர் அறிவித்துக்கொண்டிருந்தது. 24-ல் வைத்தால் அறை 29-க்கு வரும்போதே கம்ப்ரஸர் நின்றுவிடும். அம்மாள் சொன்ன புழுக்கத்தின் காரணம் அதுவே.

"கம்பி அறுந்து போயிருந்தா மெஷினே எர்ரர் கோட் காட்டிடும், சார். இது பாதி உண்மை சொல்லுது; அதனாலதான் யாருக்கும் பிடிபடல" என்றார்.

அவ்வளவோடு தீர்ப்புக் கூறிவிடவில்லை. ஐஸ் மிதக்கும் தண்ணீரில், பிளாஸ்டிக் உறையிட்டு, பழைய சென்ஸரையும் ரிச்சி தெருவில் வாங்கி வைத்திருந்த புதியதையும் சேர்த்து அமிழ்த்திச் சில நிமிஷங்கள் காத்திருந்தார். புதியது, பூஜ்ய டிகிரிக்கு உரியபடி, 30 கிலோ ஓமுக்குச் சற்று மேலே நின்றது. பழையதோ அதைத் தாண்டி வெகுதூரம் போயிற்று. 5, 15, 20 கிலோ ஓம் என்று பல வகைகள் கடையில் கிடைக்குமாதலால், வகை மாறிப் பொருத்தினால் புதுச் சென்ஸரும் பொய்யே சொல்லும் என்று உடன் வந்திருந்த உதவியாளப் பையனை எச்சரித்தார். பையன் "சரிண்ணே" என்று சொல்லி, அளந்த எண்களைத் தேதியோடு எழுதி, அடுத்து வருபவர் பார்க்கும்படி முகப்பின் உட்புறம் ஒட்டினான்.

2020 ஜனவரி முதல் நம் நாட்டில் விற்கப்படும் ஏ.சி.க்கள் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது விதி. மின்சாரச் சிக்கனத்துக்கான நல்ல விதிதான். ஆயினும் அந்த எண்ணுக்கு அர்த்தம் கொடுப்பது இந்தச் சிறு மணியின் சத்தியமே. அது பிறழ்ந்தால் காரணம் அறியாத வீட்டார் பதினெட்டுக்கு இறக்குகிறார்கள். அல்லது வேண்டாத கேஸுக்குப் பணம் கொடுக்கிறார்கள்.

இதில் நம் பொறுப்பும் உண்டு. கேஸ் நிரப்பினால் மறுபேச்சின்றிப் பணம் தருகிறோம். ஒரு மணி நேரம் கேட்டும் அளந்தும் ஒப்பிட்டும் உண்மையைக் கண்டுபிடித்தவர் கூலி கேட்டால், இந்தச் சிறு பொருளை மாற்றவா இவ்வளவு என்று பேரம் பேசுகிறோம். பொருளுக்கு விலையும் பரீட்சைக்கு அலட்சியமும் தரும் வழக்கம் நீடிக்கும்வரை, அளக்காமல் சொல்பவருக்கே ஆதாயம் அதிகம். அளந்த பிறகு சொல்பவரின் நேரத்துக்கு மனமுவந்து கூலி கொடுப்பதே இந்தத் தொழிலின் நாணயத்தைக் காப்பாற்ற நம்மால் ஆகக்கூடிய காரியம்.