கை கட்டி நிற்கும் டீச்சர்கள்

அந்தச் சிறுமிக்கு நான்கு வயது இருக்கும். குழாயடியில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்தாள். இரண்டு கையாலும் தூக்கி, தளும்பத் தளும்ப நடந்து வந்து, தான் மணலில் தோண்டிய வாய்க்காலில் ஊற்றினாள். தண்ணீர் ஒரு முழம்கூட ஓடவில்லை, மணல் குடித்துவிட்டது. மறுபடி போனாள், மறுபடி ஊற்றினாள். ஆறு தடவை எண்ணினேன். ஐந்தடி தள்ளி அவளுடைய டீச்சர் நின்றிருந்தார். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். ஒரு வார்த்தை பேசவில்லை.

நானாக இருந்தால் இரண்டாவது வாளியிலேயே, "அப்படி இல்லம்மா, இங்க குடு" என்று வாங்கியிருப்பேன்.

திண்டுக்கல் பக்கம் ஒரு நர்சரி பள்ளியில் 24 வருடம் எல்.கே.ஜி. பிள்ளைகளோடு இருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு கலிபோர்னியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். "அம்மா, உனக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு, வா" என்று அவள் கூட்டிப்போனது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிங் நர்சரி பள்ளிக்கு. ஒரு காலைப்பொழுது முழுக்க ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். எங்களிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: பிள்ளைகளாக வந்து பேசினால் பதில் சொல்லலாம், நாமாகப் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

1966-இல் திறந்த பள்ளி இது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிதியமும் பிங் குடும்பத்தாரும் கொடுத்த பணத்தில் கட்டியது. முதல் இயக்குநர் ஈடித் டவ்லி. இரண்டாம் உலகப் போரின்போது போர்ட்லண்ட் கப்பல் கட்டும் தளங்களில் வேலைக்குப் போன தாய்மார்களின் பிள்ளைகளுக்காக நடந்த காப்பகத்தில் அனுபவம் பெற்றவர். பள்ளி உளவியல் துறையைச் சேர்ந்தது. அதனால் ஒரே கூரையின்கீழ் மூன்று வேலை நடக்கிறது: பிள்ளைகள் விளையாடுகிறார்கள், கல்லூரி மாணவர்கள் பிள்ளைகளைப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள், ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கேள்விகளோடு வருகிறார்கள்.

சுவரில் எழுத்து அட்டைகளைத் தேடினேன். கண்ணில் பட்டதெல்லாம் மரக்கட்டை, களிமண், வண்ணம், மணல், தண்ணீர். இந்த ஐந்தும்தான் இங்கே அடிப்படைப் பொருட்கள். வகுப்பை ஒட்டி மரமும் மேடுபள்ளமுமாகப் பெரிய வெளி. உள்ளே இருப்பதா வெளியே போவதா என்று பிள்ளையே முடிவு செய்கிறது.

வாளிச் சிறுமிக்கு வருகிறேன். ஏழாவது தடவை அவள் குழாயடிக்குப் போயிருந்தபோது, டீச்சர் நெடுக்காகப் பிளந்த குழாய்த் துண்டு ஒன்றை எடுத்துவந்து வாய்க்காலுக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டுப் பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டார். திரும்பி வந்தவள் முதலில் அதைக் கவனிக்கவில்லை. ஊற்றினாள், போச்சு. பிறகுதான் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். குழாயைத் தூக்கி வாய்க்காலில் படுக்க வைத்து, ஒரு முனைக்கடியில் ஒரு பிடி மணலைத் திணித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை; சரிவு வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வாளித் தண்ணீர் மறுமுனைவரை ஓடியது.

அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது, அதன்பின் நடந்தது. டீச்சர் சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்து நான்கைந்து வரி எழுதினார். இடைவேளையில் மகளை விட்டு, அதைப் பார்க்கலாமா என்று கேட்டேன். காட்டினார். "குழாயை வைத்தாள். தண்ணீர் ஊற்றும் முன் ஒரு முனையை உயர்த்தினாள். கீழ்முனையைக் குனிந்து பார்த்தாள்." இவ்வளவுதான். அவள் சந்தோஷப்பட்டாள் என்றோ கெட்டிக்காரி என்றோ ஒரு சொல் இல்லை. பயிற்சிக்கு வரும் மாணவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான் என்றார். "பையன் கோபப்பட்டான்" என்று எழுதிக்கொண்டு வருவார்களாம். "கோபத்தை எங்கே பார்த்தீர்கள்? புருவத்திலா, கையிலா, குரலிலா?" என்று இவர் திருப்பிக் கேட்பாராம். கண்டதையும் எண்ணியதையும் பிரித்து எழுதப் பழகிய பிறகுதான் பிள்ளை தெரிய ஆரம்பிக்கிறது. அந்த 24 வருடத்தில் நான் எழுதிய முன்னேற்ற அறிக்கைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. 'நன்று', 'மிக நன்று', 'கவனம் தேவை'.

வகுப்புகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன ஆய்வு அறைகள் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அவை 'விளையாட்டு அறைகள்'. ஆராய்ச்சியாளர் முதலில் வகுப்பில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பழகவேண்டும். பிறகு, "என்னோட விளையாட வர்றியா?" என்று கேட்கலாம். மாட்டேன் என்று பிள்ளை சொன்னால் அத்தோடு விட வேண்டும்.

நம் ஊர்த் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் ஓயாமல் சொல்லும் மார்ஷ்மெல்லோ மிட்டாய்ச் சோதனை நடந்தது இந்தப் பள்ளியில்தான். 1960-களின் கடைசியில் வால்டர் மிஷெல் தொடங்கியது. இப்போதே ஒன்று தின்கிறாயா, காத்திருந்து இரண்டு வாங்குகிறாயா என்ற கேள்வி. காத்திருந்த பிள்ளை பின்னாளில் ஜெயிக்கும் என்பது மேடைக்கு வந்த கதை. அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வாழ்ந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை. 2018-இல் வேறு ஆய்வாளர்கள் 900-க்கும் மேற்பட்ட பல தரப்புப் பிள்ளைகளின் தகவல்களை எடுத்துப் பார்த்தபோது, குடும்பச் சூழலையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு பெருமளவு குறைந்துவிட்டது. ஒரு டீச்சருக்கு உதவும் செய்தி அதே சோதனைகளில் வேறு இடத்தில் இருக்கிறது: தின்பண்டம் கண்ணில் படாமல் இருந்தபோது பிள்ளைகள் வெகுநேரம் காத்திருந்தார்கள். பொறுமை பிள்ளையின் குணம் மட்டும் இல்லை. அறையில் எதை எங்கே வைக்கிறோம் என்பதிலும் அது இருக்கிறது.

என்னை உலுக்கியது இன்னொரு ஆய்வு. 1973-இல் மார்க் லெப்பரும் அவரோடு இரண்டு பேரும் வெளியிட்டது. ஸ்கெட்ச் பேனாவில் படம் போட ஆசைப்படும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் உள்ள சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். ஒரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் அதே பேனாக்களை வைத்துவிட்டு, ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தார்கள். பரிசுக்காக வரைந்த பிள்ளைகள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரமே அந்தப் பேனாக்களைத் தொட்டார்கள்.

நான் எத்தனை ஆயிரம் ஸ்டார் போட்டிருப்பேன்! நல்லா கலர் அடிச்சா கையில் ஸ்டார், நல்லா எழுதினா நெற்றியில் ஸ்டார். ஸ்டார் உண்டா என்று கேட்டுவிட்டுப் பென்சிலை எடுத்த பிள்ளைகளின் முகம் இப்போதும் நினைவிருக்கிறது. படம் போடும் ஆசையை நானே கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி எடுத்திருக்கிறேன் என்று அன்றைக்குத் தோன்றியது. அந்த ஆய்வு வந்த பிறகுதான் நான் வேலைக்கே சேர்ந்தேன். எனக்குப் பயிற்சி கொடுத்த யாரும் அதைச் சொல்லவில்லை.

அமெரிக்காவின் பணக்காரப் பல்கலைக்கழகத்தோடு நம்மை ஒப்பிட முடியுமா என்று கேட்பீர்கள். இடத்தையும் ஆள்பலத்தையும் ஒப்பிட முடியாதுதான். ஆனால் ஐந்தடி தள்ளி நிற்கவும், பார்த்ததைப் பார்த்தபடி எழுதவும் ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டியதில்லை. பிளந்த பி.வி.சி. குழாய் நம் ஊர் இரும்புக்கடையிலும் கிடைக்கும். மனையியல், குழந்தை வளர்ச்சித் துறைகள் உள்ள நம் கல்லூரிகள் சிலவற்றிலும் நர்சரிகள் நடக்கின்றன. பட்டப்படிப்பு மாணவிகள் அங்கே பயிற்சிக்குப் போகிறார்கள். அடுத்த தெருவிலேயே 20, 25 பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சத்துமாவு கணக்கும் பதிவேடும் எழுதி, எடையும் போட்டு, பாட்டும் சொல்லிக்கொடுக்கிறார் அங்கன்வாடிப் பணியாளர்.

அவருக்கு வருடத்தில் ஒரு வாரம் அந்தக் கல்லூரி நர்சரியின் கதவைத் திறந்துவிடுங்கள். பாடம் எடுக்க வேண்டாம், பவர்பாயின்ட் வேண்டாம். ஒரு நாற்காலி, ஒரு நோட்டு, பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரம். இவ்வளவு கொடுத்தால் போதும். துறைத் தலைவர்களாக இருக்கும் சகோதரிகளிடம் நான் கேட்பது இதைத்தான்.