மடிப்பும் சுருக்கமும்

வெளியூர்ப் பயணத்திற்கு ஆயத்தம் செய்வோர், எவற்றை எடுத்துச் செல்வது என்று பலமுறை எண்ணிப் பார்ப்பர்; அவற்றை எவ்வாறு அடுக்கி எடுத்துச் செல்வது என்று எண்ணுவோர் சிலரே. பெட்டி நிறைந்ததும் வேலை முடிந்தது என்று கருதிவிடுவர். சென்ற ஊரில் ஆடையை எடுத்து உதறும்போதுதான் உண்மை புலப்படும்.

தென்காசிக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரில் ஏழை மாணவன் ஒருவன் இருந்தான். கல்லூரிப் படிப்பிற்கு உதவித்தொகை வேண்டி அவன் விண்ணப்பித்திருந்தான். நேர்முகத் தேர்விற்குச் சென்னைக்கு வருமாறு அழைப்பு வந்தது. அவனிடம் இருந்த நல்ல சட்டை ஒன்றே. வெள்ளைப் பருத்திச் சட்டை. அது ஐப்பசி மாதம், விடாத மழை. தாய் அச்சட்டையைத் துவைத்து, அடுப்பங்கரையில் கொடி கட்டி உலர்த்தினாள். கழுத்துப்பட்டையில் ஈரம் முற்றிலும் நீங்கவில்லை. அதற்குள் வண்டிக்கு நேரமாயிற்று. மாணவன் சட்டையை நான்காக மடித்துப் பையின் அடியில் திணித்தான். அதன்மேல் புத்தகங்களை வைத்தான். அவற்றின்மேல் செம்பையும் வைத்துப் பையை இறுக்கிக் கட்டினான். இரவு முழுவதும் ரயில் ஓடியது.

காலையில் பையைத் திறந்தவன் திகைத்தான். சட்டையில் குறுக்கும் நெடுக்குமாகச் சுருக்கங்கள். செம்பின் வட்டம்கூட முதுகுப் பக்கத்தில் பதிந்திருந்தது. கையால் நீவினான், பயன் இல்லை. அதையே அணிந்து தேர்வாளர் முன் அமர்ந்தான். அவர்கள் அச்சட்டையைக் கவனித்தார்களோ இல்லையோ, அவன் அதையே கவனித்துக்கொண்டிருந்தான். நன்கறிந்த விடைகளும் நாவில் தடுமாறின. அவ்வாண்டு உதவித்தொகை அவனுக்குக் கிடைக்கவில்லை.

மறு ஆண்டும் அழைப்பு வந்தது. அவ்வூர்த் தெருமுனையில் கரி இட்ட இஸ்திரிப் பெட்டியைக் கொண்டு துணி தேய்க்கும் முதியவர் ஒருவரிடம் அவன் சென்றான். “தாத்தா, இந்தச் சட்டை சென்னை வரையில் கசங்காமல் போகவேண்டும், அதற்கு வழி உண்டா?” என்று கேட்டான். முதியவர் நகைத்தார். “தம்பி, நீ மடிக்காவிட்டால் துணி தானே மடங்கிக்கொள்ளும். நீ மடிப்பது மடிப்பு, அது மடங்கிக்கொள்வது சுருக்கம்” என்றார். பின்பு தம் தொழிலின் நுட்பங்களை ஒவ்வொன்றாக அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

முதலாவது, ஈரத்தோடு எந்த ஆடையையும் மடித்தல் ஆகாது. பருத்தி நூல் செல்லுலோசு என்னும் பொருளால் ஆனது. அதன் நுண்ணிய சங்கிலிகள் ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. நீர் உட்புகுந்தால் அந்தப் பிடி தளர்கிறது. சங்கிலிகள் இடம் பெயர்கின்றன. ஈரம் உலரும்போது, எந்த நிலையில் இருக்கின்றனவோ அந்த நிலையிலேயே மீண்டும் பற்றிக்கொள்கின்றன. ஆகவே மடிந்து கிடந்து உலர்ந்த துணி அம்மடிப்பை விடுவதில்லை. நீர் தெளித்துச் சூட்டால் தேய்க்கும்போதும் நிகழ்வது இதுவே; அங்கே துணி சமமாகக் கிடந்து உலர்வதால் சமமாக நிற்கிறது. தேய்த்த சட்டையைச் சூடு ஆறும்முன் மடித்தலும் தவறு. அதில் தங்கிய ஆவியும் வெப்பமும் புதிய சுருக்கத்திற்கு இடம் தரும்.

இரண்டாவது, ஆடையின் அமைப்பறிந்து மடிக்க வேண்டும். துணி, அறுவை, துண்டு என்னும் பெயர்கள் யாவும் அறுத்தல், துணித்தல் என்னும் பொருளிலிருந்து பிறந்தவை. தறியிலிருந்து அறுத்தெடுத்த வேட்டியும் புடைவையும் நேர்விளிம்பு உடையவை; விளிம்போடு விளிம்பு சேர்த்தால் அவை தாமே படிந்து கிடக்கும். தைத்த சட்டையோ தோளும் கையும் கழுத்தும் உடையது. அதற்குப் பொத்தான்களை மாட்டிக் குப்புறக் கிடத்தி, கைகளை முதுகுப் பக்கம் மடக்கி, இயன்ற அளவு குறைந்த மடிப்புகளே இடவேண்டும். மடிப்பின் நடுவே மெல்லிய துண்டு ஒன்றை வைத்தால் துணி கூர்மையாக முறியாமல் வளைந்து நிற்கும். பின்னலாடையாகிய பனியனைச் சுருட்டி வைக்கலாம்; அதன் நூல் வளையம் வளையமாக அமைந்திருப்பதால் நெகிழ்ந்து மீளும். சுருட்டிய பனியனைச் சட்டையின் கழுத்துக்குள் வைத்தால் கழுத்துப்பட்டையும் நசுங்காது. சரிகைப் பட்டுப் புடைவையை ஒரே மடிப்பில் நெடுங்காலம் வைத்தால் அவ்விடத்தில் இழை முறியும். ஆதலின் அவ்வப்போது மடிப்பை மாற்றுதல் பழைய வழக்கம்.

மூன்றாவது, அடுக்கும் முறை. கனமான பொருள்கள் கீழே, ஆடைகள் மேலே. நிமிர்த்தி வைத்து உருட்டிச் செல்லும் பெட்டியாயின், நிமிர்ந்து நிற்கும்போது எப்பக்கம் கீழாகுமோ அப்பக்கத்தில் கனமானவற்றை வைக்க வேண்டும். அளவுக்கு மிஞ்சித் திணித்தால் ஆடை நசுங்கும். மிகுந்த இடம் விட்டால் ஆட்டத்தில் சரிந்து குவியும். ஆகவே இடைவெளிகளைச் சிறு துணிகளால் நிரப்புதல் நன்று.

நான்காவது, சென்று சேர்ந்ததும் முதல் வேலையாக ஆடையை எடுத்து உதறித் தொங்கவிட வேண்டும். சிறு சுருக்கம் இருப்பின், கையை நீரில் நனைத்து நீவி உலரவிட்டால் போதும். சுருக்கத்தை உண்டாக்கிய நீரே அதை நீக்கவும் வல்லது.

மாணவன் அவ்வாறே செய்தான். பயணத்திற்கு இரண்டு நாள் முன்னதாகவே சட்டையைத் துவைத்து உலர்த்தினான். முதியவர் அதைத் தேய்த்து ஆறவிட்டு, மடிக்கும் வேலையை அவனிடமே விட்டார். கூலி கொடுக்க முனைந்தபோது, “திரும்பி வந்து கொடு, தம்பி” என்றார்.

சென்னையில் அவன் பையைத் திறந்தான். அதே பழைய சட்டை. தோளருகே தாய் இட்ட தையலும் அப்படியே இருந்தது. ஆயினும் அவன் இட்ட மடிப்புகளையன்றி வேறு கோடு ஒன்றும் அதில் இல்லை. அதை அணிந்து தேர்வாளர் முன் அமர்ந்தவனுக்குச் சட்டையின் நினைவே எழவில்லை. வினாக்கள் மட்டுமே செவியில் விழுந்தன. அறிந்தவற்றைத் தெளிவாகச் சொன்னான். அறியாதவற்றை அறியேன் என்றான்.

ஊர் திரும்பியவன் தன் வீட்டிற்குச் செல்லும் முன்பே தெருமுனையில் நின்றான். முதியவர் அவன் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அவன் நீட்டிய கூலியை வாங்கிக்கொண்டு, அடுத்த துணியை விரித்து அதன்மேல் நீர் தெளித்தார்.