எந்த ஆயில் ஊற்றுவது?

அண்ணன் தம்பி இருவர் மூன்று லிட்டர் எஞ்சின் ஆயிலை முன்னிட்டு நான்கு மாதம் முகங்கொடுத்துப் பேசாமல் இருந்தோம் என்றால் நண்பர்கள் நம்ப மறுக்கிறார்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1998இல் வாங்கிய வெள்ளை மாருதி 800 அவருடைய ஒரே ஆடம்பரம். அந்த வண்டிக்கென்று நீள நோட்டு ஒன்று வைத்திருந்தார். ஆயில் மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், ஃபில்டரின் விலை என்று வரிவரியாக அவருடைய சாய்ந்த கையெழுத்து. ‘20டபிள்யூ-40, சாதா’ என்பது எல்லாப் பக்கங்களிலும் மாறாமல் வரும். 2021இல் அப்பா போய்விட்டார். நோட்டு அன்றோடு நின்றது. வண்டி மட்டும் வாசலில், உப்பளக் காற்றில் கதவோரம் துருவேறிக்கொண்டு நின்றது.

மறு ஆண்டு ஆவணித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் போகவேண்டும், அதுவும் அப்பாவின் வண்டியில்தான் போகவேண்டும் என்றாள் அம்மா. எங்களில் இளையவன் சென்னையில் வேலை பார்ப்பவன். எதையும் படித்துவிட்டுத்தான் தொடுவான். பழைய எஞ்சினுக்கு நல்ல உணவு கொடுப்போம் என்று கடையொன்றில் முழு சிந்தெடிக், 5டபிள்யூ-30, ஊற்றச் சொன்னான். விலை சாதா ஆயிலைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். மூத்தவனுக்கு அது பிடிக்கவில்லை. “அப்பா இருபத்துச் சொச்ச வருஷம் ஊத்தினத நீ எதுக்குல மாத்துத?” என்று கேட்டான். கேட்டதோடு சரி, தடுக்கவில்லை.

பழையகாயல் வரை வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. சத்தம் குறைந்திருந்ததை மூத்தவனும் உள்ளூர ஒப்புக்கொண்டான். முக்காணிப் பாலம் தாண்டி ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களைப் பார்த்துக்கொண்டு போகையில் சிவப்பு விளக்கு எரிந்தது. நிறுத்தி டிப்ஸ்டிக்கை உருவினால் நுனியில் ஈரமே இல்லை. வண்டிக்கடியில் சொட்டுச் சொட்டாகத் தார்ச்சாலை கறுத்துக்கொண்டிருந்தது. அம்மா புளியமரத்தடியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு வேறு வண்டி பிடித்துக் கோயிலுக்குப் போனோம். வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

கட்டி இழுத்துவந்த வண்டியை அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணாச்சி மேலேற்றிப் பார்த்தார். “கிராங்க் சீல் செத்து ரொம்ப நாளாச்சு தம்பி. உள்ள இருந்த அழுக்குதான் அடைச்சு வச்சிருந்துச்சு. புது ஆயிலு அதக் கழுவிட்டு. ஆயிலக் குத்தம் சொல்லாதீய” என்றார். இருவருக்கும் சாதகமான தீர்ப்பு. எனவே இருவரும் சண்டையைத் தொடர்ந்தோம்.

அந்த நான்கு மாதங்களில் தனித்தனியே தேடிப் படித்தோம். முதலில் எங்களை நாண வைத்தது அந்த எண்களின் பொருள். ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. 20டபிள்யூ வகைக்கு எஞ்சினைச் சுழற்றும் குளிர்ச் சோதனை செய்யப்படுவது உறைநிலைக்கு 15 பாகை கீழே. 5டபிள்யூ வகைக்கு 30 பாகை கீழே. மார்கழி விடியலிலும் 20 பாகைக்குக் கீழே இறங்க மனமில்லாத ஊர் எங்களுடையது. இளகிய எண்ணெய் இங்கும் காலையில் சற்று விரைவாக மேலேறிப் பாகங்களை நனைக்கும் என்பது மெய்தான். ஆனால் அந்த எண்ணுக்காகவே பணம் கொடுப்பது தூத்துக்குடிக்காரன் கம்பளிக் கோட்டு தைத்துக்கொள்வதைப் போன்றது. பின்னால் வரும் 30, 40 என்பவை எஞ்சின் சூட்டில், 100 பாகையில், எண்ணெய்க்கு உள்ள தடிமனைச் சொல்பவை. தேய்ந்து இடைவெளி விழுந்த பழைய எஞ்சினுக்கு 40தான் பொருந்தும். ஆக, எங்கள் தவற்றில் பாதி சிந்தெடிக் பற்றியதே அல்ல, தடிமனை மாற்றியதுதான்.

சிந்தெடிக் என்ற சொல்லைத் தோண்டியபோது வேடிக்கை இன்னும் கூடிற்று. காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. நம் பாட்டிகளின் விளக்கெண்ணெய் அக்கால எஞ்சின்களுக்கும் வார்க்கப்பட்டிருக்கிறது. பின்னர் மணலி போன்ற ஆலைகளில் கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்து, மெழுகு நீக்கிப் பெறும் கனிம எண்ணெய் பொதுவழக்காயிற்று. எத்திலீனிலிருந்து மூலக்கூறு மூலக்கூறாகக் கட்டி எழுப்புவது மற்றொரு வகை. ஆதியில் சிந்தெடிக் என்றால் இந்த வகைதான். பிறகு, கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் கொண்டு கடும் அழுத்தத்தில் உடைத்து, ஏறக்குறைய அதே தரத்துக்குக் கொண்டுவரும் வழி வந்தது. இதையும் சிந்தெடிக் என்று விற்கலாமா என்று அமெரிக்காவில் மொபில் நிறுவனம் காஸ்ட்ரால்மீது முறையிட்டது. 1999இல் அங்குள்ள விளம்பர ஒழுங்கு அமைப்பு, விற்கலாம் என்றது. ஜெர்மனியில் இந்தத் தளர்வு செல்லாது. இன்று கடையில் நாம் கேட்டு வாங்கும் சிந்தெடிக்கில் பெரும்பகுதி, கச்சா எண்ணெயின் வயிற்றில் பிறந்ததே.

இதைப் படித்தபோது எங்களுக்கு ஊர் நினைவுதான் வந்தது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. 1973இல், ஊருக்கு வடக்கே வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் அழகர்சாமி சிப்பிக்குள் கருமணி வைத்து, உருண்டையான வளர்ப்பு முத்தை விளைவித்தார். அதைச் செயற்கை முத்து என்பதா? கருவை வைத்தது மனிதக் கை. மேலே அடுக்கடுக்காய் ஒளி பூசியது சிப்பி. கடல் முத்து தெய்வம், வளர்ப்பு முத்து போலி என்று பேசிய பெரியவர்களை நாங்கள் கேட்டிருக்கிறோம். நகை வாங்கும்போது அவர்களுக்கும் வேற்றுமை தெரியவில்லை. ஆயில் டின்னின் மேலுள்ள சொல்லும் இப்படிப்பட்டதுதான். உள்ளே இருப்பது என்ன வேலை செய்கிறது என்று பார்க்கவேண்டும்.

வேலையைப் பார்த்தால் சிந்தெடிக்கின் உயர்வை மறுக்க வழியில்லை. கடுஞ்சூட்டில் விரைவில் கெட்டுப்போகாது; கசடு குறைவு; மாற்றும் இடைவெளியை நீட்டலாம். டர்போ வைத்த எஞ்சினுக்கு அது தேவை. இளையவன் இப்போது ஓட்டும் புதிய காருக்கு 5டபிள்யூ-30 சிந்தெடிக் என்று கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. அங்கே தேர்வுக்கே இடமில்லை. மூத்தவனும் அதில் வாய் திறப்பதில்லை.

அப்பாவின் வண்டி கதை வேறு. அது ஆண்டுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். பனிமய மாதா கோயில் பக்கத்துக் கடைத்தெரு, ஆஸ்பத்திரி, அத்தை வீடு; எல்லாம் பத்து நிமிடத் தொலைவு. இத்தகைய குறும்பயணங்களில் எண்ணெய் முழுச் சூட்டை எட்டாது. எஞ்சினுக்குள் ஊறும் நீரும் ஒழுகி இறங்கும் பெட்ரோலும் ஆவியாகாமல் அதிலேயே தங்கிவிடும். விலையுயர்ந்த எண்ணெயானாலும் இந்த அழுக்கைச் சுமந்து ஆண்டுகள் பல இருக்கமுடியாது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடத்துக்கொருமுறை மாற்றியே ஆகவேண்டும். மாற்றத்தான் போகிறோம் என்றால், நீண்ட ஆயுளுக்குக் கொடுக்கும் விலை வீண். துறைமுகச் சாலையில் எஞ்சினை அணைக்காமல் வரிசையில் நிற்கும் டிரெய்லர் லாரிகளின் டிரைவர்கள் கிலோமீட்டரை நம்பாமல் மணிக்கணக்கையும் பார்ப்பது ஏன் என்று அப்போதுதான் விளங்கிற்று.

சீலை மாற்றினோம். “இனி சிந்தெடிக் ஊத்தினாலும் ஒழுகாது, ஒங்க இஷ்டம்” என்றார் அண்ணாச்சி. இளையவன் டின்களின் முன் வெகுநேரம் நின்றான். பிறகு 20டபிள்யூ-40 சாதாவை அவனே எடுத்தான். கணக்குப் பார்த்துத்தான் எடுத்தேன், அப்பாவுக்காக அல்ல என்று இன்றுவரை சாதிக்கிறான். அப்பாவும் ஒருவேளை இதே கணக்கைப் பார்த்திருப்பார் என்பதை மூத்தவன் சொல்ல, அதற்கும் அரைநாள் வாக்குவாதம்.

அன்று மாலை அம்மா அலமாரியிலிருந்து நீள நோட்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். தேதி, கிலோமீட்டர், ஃபில்டர் விலை. கடைசிக் கட்டத்தில் இளையவன் ‘20டபிள்யூ-40’ என்று எழுதி நிறுத்தினான். நோட்டை வாங்கி மேல் வரியைப் பார்த்து, ‘சாதா’ என்பதை மூத்தவன் சேர்த்தான்.