மேகம் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும்!

"ஏம்மா, சமவெளியிலேயே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குது. நீங்க எட்டுப் பேரும் மலையில போய் நடக்கப் போறீங்களா?" என்று என் மாமியார் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. எங்களில் மூத்தவரான எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு வயது 61. இளையவள் என் ஓரகத்தி, 29 வயது. மூன்று வயதுப் பையனை முதல் தடவையாகப் பாட்டியிடம் விட்டுவிட்டு வருகிறாள். கிளம்பும்வரை அழுகை, பையனுக்கு அல்ல, அவளுக்கு!

ஒரு வருஷமாகவே சாயங்காலம் பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம். 'இதே நடையைக் குளிரக் குளிர நீலகிரியில் நடந்தால் என்ன?' என்று விளையாட்டாக ஆரம்பித்தது, காலாண்டு விடுமுறையில் மூன்று நாள் பயணமாக முடிந்தது.

ஊட்டி ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பஸ் ஏறினோம். தண்ணீருக்கு எல்லோரும் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுவந்திருந்தோம். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருக்கிறது, மறந்துவிடாதீர்கள்.

கோத்தகிரிக்குப் பக்கத்தில் லாங்வுட் சோலை என்று ஒரு காடு. 116 ஹெக்டேர்தான். ஆனால் 2024-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற இடம். அதே வருஷம் அக்டோபரில் தமிழக அரசு 40 மலைநடைப் பாதைகளை முன்பதிவு முறையில் திறந்துவிட்டது. லாங்வுட்டும் அதில் ஒன்று. வழிகாட்டியாக வந்த தம்பி உள்ளூர்க்காரர். "சத்தமா பேசாதீங்கக்கா, மலை அணில் ஓடிடும்" என்றார். எட்டுப் பெண்கள் பேசாமல் நடப்பதாவது! ஆனாலும் உள்ளே நுழைந்ததும் தானாகவே வாய் மூடிக்கொண்டது. பாசி பிடித்த குட்டை மரங்கள், தலைக்கு மேல் வெயில் தெரியாத இருட்டு, காலடியில் பஞ்சு மாதிரி மண். பெய்கிற மழையை இந்தச் சோலைகள் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் சுற்றியிருக்கும் ஊர்களுக்குக் குடிதண்ணீர் கிடைக்கிறது.

அட்டைக்குப் பயந்து காலுறை மேல் உப்புத் தடவியிருந்தோம். அப்படியும் டீச்சரம்மா காலில் ஒன்று ஏறிவிட்டது. பிய்த்து இழுக்காதீர்கள், தோலோடு ஒட்டி நகத்தை நுழைத்துத் தள்ளினால் விழுந்துவிடும். ரத்தம் சீக்கிரம் நிற்காது, உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்திவிடுகிறது. கழுவி, துணி வைத்து அழுத்திக்கொண்டால் போதும்.

மறுநாள் குன்னூர். அன்றைய கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அதற்கு முன்னால் இந்த மலையின் மழையைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே மழைக்காலம் இரண்டு. ஜூனில் வரும் தென்மேற்கு மழை கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது! 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா நடுவில் நிற்பதால் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அப்போது மழை குறைவு. இவர்களுக்கு அக்டோபர், நவம்பர் வடகிழக்கு மழைதான் கெடு. 2009 நவம்பர் மண்சரிவில் 40-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. செப்டம்பர் கடைசி என்றால் இரண்டுக்கும் நடுவில் தப்பிக்கலாம் என்று நான் கணக்குப் போட்டேன். மழைக்கு மட்டும்தான் போட்டேன், மேகத்துக்குப் போடவில்லை. காலையில் பளிச்சென்று வெயில் அடித்தால், கீழே சமவெளியின் ஈரக்காற்று சூடாகிப் பள்ளத்தாக்கு வழியே மேலே ஏறும். ஏறும்போது குளிர்ந்து மேகமாகும். ஆகவே மலையில் நல்ல வெயிலை நம்பி மத்தியானம்வரை இருக்கக்கூடாது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

குன்னூரிலிருந்து சுமார் 13 கிலோமீட்டரில் பக்காசுரன் மலை. உச்சியில் திப்பு சுல்தான் காலத்துக் காவல் கோட்டையின் இடிந்த சுவர் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்து வழியாக நடந்துதான் போக வேண்டும். எட்டு மணிக்கே கிளம்பியிருக்கலாம். இட்லி, இன்னொரு காபி, போட்டோ என்று பத்தாக்கினோம். அதில் பெரிய பங்கு என்னுடையது.

வழியெல்லாம் பச்சை! முக்கால்வாசி தூரம் வந்ததும் பெரியம்மா ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் பிடித்துக்கொண்டது. கோட்டை மேடு இதோ என்று தெரிகிறது. நான் சொன்னேன்: "பெரியம்மா இங்கேயே இருக்கட்டும். ஓரகத்தி துணைக்கு இருப்பாள். நாம அரை மணியில் போய்த் தொட்டுட்டு வந்துடலாம்." பெரியம்மாவும் "போயிட்டு வாங்கம்மா, எனக்கென்ன" என்றார். ஓரகத்தியின் முகத்தை நான் பார்க்கவில்லை.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கையை நிறுத்தினார். "ஆளைப் பிரிக்காதீங்கம்மா. கீழ பாருங்க, மேகம் ஏறுது. இன்னும் கொஞ்ச நேரத்துல பாதை தெரியாது. காட்டெருமையும் இந்தப் பக்கம்தான் மேயுது."

எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன்? ஒரு வருஷம் திட்டம் போட்டது நான். பத்து நிமிஷம் வாதாடினேன். டீச்சரம்மா, "நான் திரும்பறேன், வர்றவங்க வாங்க" என்று பெரியம்மாவுக்குக் கை கொடுத்து எழுப்பிய பிறகுதான் அடங்கினேன்.

இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. முன்னால் போகிறவளின் முதுகு மறைந்துவிட்டது! ஒருத்தி துப்பட்டாவை இன்னொருத்தி பிடித்துக்கொண்டு, பெரியம்மாவின் நடைக்கு எல்லோரும் நடந்தோம். அந்த அம்மாவும் மூட்டையோடு முன்னால் வந்தார். ஒரு திருப்பத்தில் கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். செடிகளுக்கு நடுவே நான் பாறை என்று நினைத்தது தலையைத் திருப்பி மூச்சுவிட்டது. ஒருவரும் அசையவில்லை. அது தன் பாட்டுக்குச் சரிவில் இறங்கிப் போன பிறகுதான் உயிர் வந்தது. அந்தக் கல்லில் பெரியம்மாவும் ஓரகத்தியும் தனியாக இருந்திருந்தால் என்று நினைத்தபோது எனக்குக் கால் நடுங்கியது.

தூறல் பிடித்துக்கொண்டது. ஓரகத்திக்கு உதடு வெளுத்து, பல் கிட்டிவிட்டது. அவள் போட்டிருந்தது பருத்திச் சுடிதார். வியர்வையிலும் மழையிலும் நனைந்தால் பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மேலே எத்தனை ஸ்வெட்டர் போட்டாலும் பலனில்லை, முதலில் ஈரத்துணியை அவிழ்க்க வேண்டும். அந்த அம்மா தன் லைன் வீட்டுக்குக் கூட்டிப்போய், தன்னுடைய உலர்ந்த சேலை ஒன்றைக் கொடுத்தார். "தேத்தண்ணி குடிங்க" என்று சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுத்தார்.

தேத்தண்ணி என்ற சொல்லைக் கேட்டு டீச்சரம்மா விசாரித்தார். அவருடைய அம்மா கண்டித் தோட்டத்தில் பிறந்தவராம். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா வந்த குடும்பங்களில் ஒன்று. அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. நாங்கள் மூச்சு வாங்கிய அந்தச் சரிவில் அவர் முதுகில் பாரத்தோடு தினமும் ஏறி இறங்குகிறார். பணம் கொடுக்கப் பார்த்தோம், வாங்கவில்லை. பையிலிருந்த தட்டையையும் கடலை மிட்டாயையும் பேரப்பிள்ளைக்கென்று வாங்கிக்கொண்டார்.

ராத்திரி விடுதியில் வெந்நீரில் கல் உப்புப் போட்டு எல்லோரும் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஓரகத்தி பையனுக்குப் போன் பண்ணினாள். அவன் பாட்டியோடு ஏதோ விளையாட்டில் இருந்தான், பேச வரவில்லை. நான் பெரியம்மாவின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி, "மத்தியானம் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது" என்றேன். "இன்னும் கொஞ்சம் மேலே தேயி" என்றார்.

மறுநாள் காலை ஒரு பொட்டு மேகமில்லை. "இப்பப் போனா கோட்டையைத் தொட்டுடலாமே" என்று யாரோ ஆரம்பித்தார்கள். பெரியம்மா ஏற்கெனவே பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றுவிட்டார். பர்லியாறு வருவதற்குள் எல்லோருடைய ஸ்வெட்டரும் பைக்குள் போய்விட்டது.