24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டும்

2022 ஜனவரியில் ஸ்வீடன் நாட்டு நிரலாளர் டேனியல் ஸ்டென்பெர்க்குக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியது ஃபார்ச்சூன் 500 பட்டியலில் இருக்கும் ஒரு ராட்சத நிறுவனம். பெயரை அவர் வெளியே சொல்லவில்லை. உங்கள் மென்பொருளில் லாக்4ஜே இருக்கிறதா, இருந்தால் எந்தப் பதிப்பு, பாதிப்பு என்ன, எப்போது சரிசெய்வீர்கள் என்று வரிசையாகக் கேள்விகள். 24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டுமாம்.

லாக்4ஜே என்பது ஜாவா நிரல்களில் என்ன நடக்கிறது என்று குறித்து வைக்கும் ஒரு சிறு கருவி. 2021 டிசம்பரில் அதில் ஒரு பயங்கரமான ஓட்டை வெளிப்பட்டு உலகம் முழுக்கக் கணினித் துறையினரின் கிறிஸ்துமஸ் விடுமுறை பாழானது. ஆகவே பதற்றம் நியாயமானதுதான். ஆனால் ஸ்டென்பெர்க் எழுதும் கர்ல் என்ற மென்பொருள் சி மொழியில் எழுதப்பட்டது. அதற்கும் ஜாவாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இன்னொரு விஷயம், அந்த நிறுவனம் அவருக்கு ஒரு சல்லிக்காசு கூடக் கொடுத்ததில்லை.

பொருள் வாங்கினால் பில் இருக்கும். பில் இருந்தால் சப்ளையர் பட்டியலில் பெயர் ஏறும். பட்டியலில் இருப்பவர்களுக்கு எல்லாம் ஒரே கடிதம் போகும். எந்தப் பெரிய கம்பெனியின் கொள்முதல் பிரிவும் இப்படித்தான் ஓடுகிறது. இங்கே வேடிக்கை என்னவென்றால், கொள்முதல் கணக்கில் ஒரு டாலர்கூட இல்லாத மனிதர் சப்ளையர் பட்டியலில் மட்டும் எப்படியோ ஏறிவிட்டார்! முதலில் ஒரு சப்போர்ட் ஒப்பந்தம் போடுங்கள், பிறகு எல்லாக் கேள்விக்கும் மகிழ்ச்சியாகப் பதில் சொல்கிறேன் என்று ஸ்டென்பெர்க் எழுதி அனுப்பினார். அதற்கு வந்த மறுபதில் 'டேவிட்' என்பவரை விளித்து எழுதப்பட்டிருந்தது. டேனியலை டேவிட் ஆக்கிவிட்டார்கள். பைபிள் கதை தெரிந்தவர்களுக்கு எதிர்ப்பக்கம் யார் கோலியாத் என்று சொல்லத் தேவையில்லை :-)

அப்படி என்னதான் செய்கிறது இந்த கர்ல்? ஓர் இணைய முகவரியைக் கொடுத்தால் அங்கே இருப்பதை எடுத்து வந்து தரும். கொடுத்ததை எடுத்துப் போய் அங்கே சேர்க்கும். அவ்வளவுதான். ஒரு தபால்காரர் வேலை. 1996-ல் இதன் தொடக்கம் இன்னும் சாதாரணமானது. இணைய அரட்டையில் ஸ்டென்பெர்க் ஒரு தானியங்கி வைத்திருந்தார். அரட்டை அடிப்பவர்கள் கேட்டால் ஒரு நாட்டுப் பணத்தை இன்னொரு நாட்டுப் பணமாகக் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு அன்றன்றைய மாற்று விகிதம் வேண்டும். விகிதம் ஓர் இணையப் பக்கத்தில் இருந்தது. அதை எடுத்துவர, பிரேசிலைச் சேர்ந்த ஒருவர் எழுதி வைத்திருந்த மிகச் சிறிய நிரல் ஒன்றை எடுத்து, அதில் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தார். சேர்த்துக்கொண்டே போனார். 1998 மார்ச்சில் அதற்கு கர்ல் என்று பெயர் வந்தது.

இன்று கைபேசி, டிவி, கார், விளையாட்டுக் கருவி என்று இணையத்தைத் தொடும் சாமான்களில் அது இல்லாததைத் தேடுவதுதான் கடினம். 2,000 கோடிக்கும் மேற்பட்ட இடங்களில் அது பதிந்திருக்கலாம் என்பது ஸ்டென்பெர்க்கின் சொந்தக் கணக்கு. உலக மக்கள்தொகையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். ஒரே ஆளின் கைபேசியில் பல செயலிகள் தனித்தனியாக கர்லை வைத்திருப்பதால் அப்படி வருகிறது.

எல்லாம் இலவசம். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். பதிப்புரிமைக் குறிப்பை மட்டும் கூடவே வைத்திருக்க வேண்டும். அந்தக் குறிப்பில் ஸ்டென்பெர்க்கின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இருக்கின்றன. இதனால் விளைந்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. காரில் பாட்டுப் பெட்டியும் வழிகாட்டியும் வேலை செய்யாதவர்கள், திரையில் மெனுவைத் தோண்டித் தோண்டிப் போய்க் கடைசியில் அந்த முகவரியைக் கண்டுபிடித்து, என் கார் இப்படிச் செய்கிறதே, என்ன செய்யலாம் என்று அவருக்கு எழுதுகிறார்கள். தன் கணக்குகளை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று தவித்த ஒருவர், செயலியின் உரிமக் குறிப்பில் இவர் பெயரைப் பார்த்து, சதியில் இவருக்கும் பங்குண்டு என்றே முடிவு கட்டிவிட்டார். 2021 பிப்ரவரியில் கொலை மிரட்டலே வந்தது. இவற்றையெல்லாம் அவர் சேகரித்து வைத்துப் பொதுவில் போட்டிருக்கிறார். படிக்கும்போது சிரிப்பு வரும். கொஞ்சம் யோசித்தால், கார் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையை ஏறிப் பிடிக்க முடியாத ஒரு மனிதர் எத்தனை பட்டனைத் தட்டிப் பார்த்திருப்பார் என்று பாவமாகவும் இருக்கும்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கர்ல் அவருக்கு ஓய்வுநேர வேலைதான். பகலில் சம்பள வேலை, மாலையில் குடும்பம், எல்லோரும் தூங்கிய பின் கர்ல். 2019-ல்தான் வொல்ஃப்எஸ்எஸ்எல் என்ற நிறுவனத்தில் சேர்ந்து, கர்லையே முழுநேர வேலையாக்கிக்கொண்டார். மென்பொருள் இலவசம். அவசரத்துக்குக் கூப்பிட்டால் வரும் ஆள்தான் காசுக்கு. வணிகம் என்று பார்த்தால் நல்ல ஏற்பாடு. தண்ணீர் இலவசமாக ஓடலாம், ஆனால் குழாய் ரிப்பேருக்கு வருகிறவர் சும்மா வரமாட்டார் அல்லவா?

2017-ஆம் ஆண்டு மட்டும் எடுத்துக்கொண்டால் போதும், இந்த வாழ்க்கையின் கோணல் தெரிந்துவிடும். அந்த ஜூன் மாதம் அலுவலகக் கூட்டத்துக்காக அமெரிக்கா கிளம்பியவர், ஸ்டாக்ஹோம் விமான நிலையத்திலேயே நிறுத்தப்பட்டார். பயண அனுமதி மறுப்பு. காரணம் சொல்லப்படவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் கர்லுக்காக ஸ்வீடனின் பெருமைமிக்க பொறியியல் விருதான போல்ஹெம் பரிசை, தங்கப் பதக்கத்தோடு, மன்னர் கையால் வாங்கினார். அமெரிக்க விசா கிடைத்ததோ 2020 கடைசியில். அதற்குள் உலகமே கொரோனாவில் முடங்கிக் கிடந்தது.

நிரல் எழுதுவதில் உள்ள சிக்கல்களை இவர் பெரிதாகக் குறை சொல்வதில்லை. அது அவருக்குப் பிடித்த வேலை. அலுப்பெல்லாம் நிரலைச் சுற்றி வரும் காகிதங்களில்தான். 2023 ஆகஸ்டில் நடந்ததைப் பாருங்கள். கர்லில் ஒரு வசதி உண்டு: இணைப்பு கிடைக்காவிட்டால் இத்தனை விநாடி பொறுத்து மறுபடி முயற்சி செய் என்று சொல்லலாம். யாராவது நம்ப முடியாத அளவுக்குப் பெரிய எண்ணைக் கொடுத்தால், அதை மில்லிவிநாடியாக்க ஆயிரத்தால் பெருக்கும்போது கணக்கு தவறிவிடும். விளைவு? காத்திருக்கும் நேரம் தப்பாக இருக்கும், வேறொன்றும் இல்லை. 2019-லேயே திருத்தப்பட்ட சின்ன பக் அது. யாரோ ஒருவர் அதைத் தூசு தட்டி எடுத்துப் பாதுகாப்பு ஓட்டை என்று பதிந்துவிட, அமெரிக்க அரசின் தேசிய ஓட்டைப் பட்டியல் அதற்குப் பத்துக்கு 9.8 மதிப்பெண் போட்டது! பத்து என்றால் உலகம் அழியும் ரகம். கர்ல் குழுவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்டென்பெர்க் சண்டை போட்ட பிறகு மதிப்பெண் 3.3 ஆக இறங்கியது, பதிவு மட்டும் நீங்கவே இல்லை. இனி யாரும் நம் வீட்டு விஷயத்தை நம்மைக் கேட்காமல் எழுதக்கூடாது என்று, 2024 ஜனவரியில் கர்ல் குழு ஓட்டைகளுக்கு எண் வழங்கும் அதிகாரத்தைத் தானே விண்ணப்பித்து வாங்கிக்கொண்டது. காகிதத்தோடு சண்டை போட இன்னும் கொஞ்சம் காகிதம்!

நிஜமான ஓட்டையே வந்ததில்லை என்று அர்த்தமில்லை. அதே 2023 அக்டோபரில் ஒன்று வந்தது. ப்ராக்ஸி வழியாகப் போகும்போது தளத்தின் பெயர் 255 எழுத்தைத் தாண்டினால் வேறு வழியில் போக வேண்டும் என்று ஒரு விதி. இணைப்பு மெதுவாக இருக்கும் நேரத்தில் நிரல் அந்த முடிவை மறந்துவிட்டு, நீளமான பெயரைச் சின்னப் பெட்டிக்குள் திணித்தது. அந்த வரிகளை 2020-ல் எழுதியது ஸ்டென்பெர்க்கேதான். மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. நினைவகத்தைத் தானே காக்கும் மொழியில் எழுதியிருந்தால் இது நடந்திருக்காது என்பதையும் அவரே ஒளிக்காமல் எழுதினார். எத்தனையோ கோடி புரளும் நிறுவனங்கள் ஓட்டை விழுந்தால் எழுதும் அறிக்கைகளோடு இதை வைத்துப் படித்தால் வித்தியாசம் தெரியும்.

இப்படி ஒற்றை ஆள் தாங்கி நிற்கும் வேலையில், அந்த ஆள் களைத்துப்போனால் என்ன ஆகும்? 2024 மார்ச்சில் பதில் கிடைத்தது, கர்லில் அல்ல, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கியில். அதைப் பராமரித்து வந்த லாஸ்ஸெ காலின் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். 2022-லேயே தன் மனநலம் சரியில்லை என்றும் இது ஊதியமில்லாத பொழுதுபோக்கு வேலை என்றும் எழுதியிருந்தார். ஏன் இவ்வளவு தாமதம் என்று சிலர் விடாமல் நச்சரிக்க, ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். பொறுமையாக வேலை செய்தார், நம்பிக்கை பெற்றார், சாவியும் வாங்கினார். பிறகு பின்வாசலைத் திறந்து வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தன் கணினிக்குள் நுழைய அரை விநாடி அதிகம் ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியதால் உலகம் தப்பியது. அரை விநாடி! பூட்டை உடைக்காமல் காவலரை அசத்தி உள்ளே வரும் திருட்டு இது. காவலர் எத்தனை மணி நேரமாகத் தூங்கவில்லை என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

ஸ்டென்பெர்க்கின் களைப்பு வேறு திசையிலிருந்து வந்தது. 2019-ல் கர்ல் ஒரு பரிசுத் திட்டம் தொடங்கியிருந்தது. ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னால் டாலரில் பணம். பல ஆண்டுகள் நன்றாகவே ஓடியது, உண்மையான ஓட்டைகள் பல அதனால் அடைபட்டன. பிறகு சாட்ஜிபிடி வகையறாக்கள் வந்தன. கர்லில் ஓட்டை கண்டுபிடி என்று கேட்டால் அவை இரண்டு பக்கத்துக்கு அழகான ஆங்கிலத்தில் எழுதித் தந்துவிடும். இல்லாத ஃபங்ஷன் பெயர், நடக்காத விபத்து, எல்லாம் தலைப்போடும் பட்டியலோடும். எழுத ஒரு நிமிஷம், செலவு பூஜ்யம். அதைப் படித்து, பொய் என்று உறுதி செய்ய, கர்லை உள்ளும் புறமும் அறிந்த மூன்று நான்கு பேரின் மணிக்கணக்கான நேரம். 2025-ல் வந்த புகார்களில் உண்மையான ஓட்டைகள் சுமார் 5 சதவீதம்தான் என்று அந்த ஆண்டு ஜூலையில் ஸ்டென்பெர்க் எழுதினார். பழைய காலத்தில் தப்பான புகார் எழுதவும் கொஞ்சம் மூளையும் ஒரு நாள் உழைப்பும் தேவைப்பட்டன. அந்தச் செலவே ஒரு வேலியாக இருந்தது. வேலி விழுந்ததும் மேய்ச்சல் ஆரம்பமானது.

இதை வைத்து அவரை ஏஐ விரோதி என்று நினைத்துவிடக்கூடாது. 2025 செப்டம்பரில் ஓர் ஆராய்ச்சியாளர் ஏஐ கருவிகளால் கர்லை அலசி ஒரு நீண்ட பட்டியல் அனுப்பினார். அதை வைத்துப் பல பத்து திருத்தங்கள் செய்யப்பட்டன. ஸ்டென்பெர்க் அதை வாய்விட்டுப் பாராட்டினார். கருவி ஒரே வகைதான். பட்டியலை அனுப்புமுன் ஒரு மனிதர் உட்கார்ந்து படித்தாரா என்பதில்தான் வேறுபாடு.

2026 ஜனவரி முடிவோடு பரிசுப் பணம் நிறுத்தப்பட்டது. ஓட்டைகளைச் சொல்லலாம், கேட்பார்கள், காசு கிடையாது. இதனால் நல்ல ஆராய்ச்சியாளர் சிலர் ஒதுங்கிப் போகலாம் என்பது உண்மையான நஷ்டம், அதை இலேசாகத் தள்ள முடியாது. ஆனாலும் எட்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை புதிய பதிப்பு வெளியிடும் ஒரு சின்னக் குழுவிடம் செலவழிக்க இருப்பது நேரம் ஒன்றுதான். டாலரை மிச்சம் பிடிப்பதற்காக அவர்கள் அதை நிறுத்தவில்லை.