குணா குகை... வேலிக்கு இந்தப் பக்கம்!

உங்க கேங்க்லயும் ஒருத்தன் இருப்பான் பாருங்க. எந்தப் படம் பார்த்துட்டு வெளியே வந்தாலும், "மச்சி, அந்த ஸ்பாட்டுக்கு ஒரு தடவை போயே ஆகணும்டா"ன்னு ஆரம்பிப்பான். பர்ஸ்ல ஐம்பது ரூபாகூட இருக்காது. ஆனா, பிளான் மட்டும் பக்காவா இருக்கும்! எங்க கேங்க்ல அது மெக்கானிக்கல்காரன். (பேரு வேணாம்... அவங்க வீட்ல இந்தப் பக்கத்தைப் படிப்பாங்க!) 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' பார்த்த நாள்லேர்ந்து அவனுக்கு குணா குகை ஜுரம். செமஸ்டர் முடிஞ்ச கையோட, ஏழு பேர் மதுரை ஆரப்பாளையத்துல கொடைக்கானல் பஸ் ஏறிட்டோம்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பிச்சதும் பஸ்ஸுக்குள்ளயே பட்டிமன்றம் தொடங்கிடுச்சு. தலைப்பு: 'சிறந்த குகைப் படம் எது... குணாவா, மஞ்ஞும்மல் பாய்ஸா?'

'குணா' 1991 தீபாவளிக்கு, 'தளபதி' வந்த அதே நாள்ல ரிலீஸ் ஆன படம். அப்ப நீங்களும் பிறக்கலை, நானும் பிறக்கலை. நமக்கெல்லாம் 'குணா'ன்னா அது டி.வி.யில பார்த்த படம்தான். பிரச்னையே அங்கதான்! குகை இருட்டுல கமல் உருகிக்கிட்டு இருப்பார்... டபக்குனு ஒரு சோப்பு விளம்பரம் வந்து பளிச்னு சிரிக்கும். திரும்ப படம் வர்றதுக்குள்ள அம்மா சீரியலுக்கு மாத்தியிருப்பாங்க. என்னைக் கேட்டா, அந்தப் படத்தை லைட்டை எல்லாம் அணைச்சுட்டு ஒரே மூச்சுல பார்க்கணும். சந்தானபாரதி டைரக்‌ஷனும் வேணுவோட கேமராவும் அப்பதான் புரியும்.

நான் இப்படி லெக்சர் அடிச்சுக்கிட்டு இருக்கும்போது, ஐ.டி. படிக்கிற பொண்ணு கேட்டா பாருங்க ஒரு கேள்வி... "ஒரு பொண்ணைத் தூக்கிட்டுப் போய் குகையில அடைச்சு வைக்கிறதுக்குப் பேரு லவ்வா?"

"அவன் மனநிலை சரியில்லாதவன்ப்பா. படமே அதைத்தானே சொல்லுது?"

"சரி, அவனுக்கு மனநிலை சரியில்லை. அந்த லெட்டர் பாட்டை ஸ்டேட்டஸ்ல வெச்சு உருகுற உங்களுக்கு என்னடா வந்துச்சு?"

வெள்ளி அருவி வர்ற வரைக்கும் பசங்க யாரும் வாயைத் திறக்கலை!

இடத்தைப் பத்திச் சொல்றேன். கொடைக்கானல் டவுன்லேர்ந்து தூண் பாறைக்குப் போற ரோட்டுலயே குணா குகையும் இருக்கு. வெள்ளைக்காரங்க காலத்துல 'டெவில்ஸ் கிச்சன்'. தமிழ்ல சொன்னா, பிசாசோட சமையல்கட்டு! கமல் படம் வந்து அந்தப் பேரையே தூக்கிச் சாப்பிட்டுடுச்சு. ரோட்டுலேர்ந்து இறங்கினா சோலைக்காடு. மரத்தோட வேரெல்லாம் மண்ணுக்கு மேல வந்து, பாம்பு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு பின்னிக்கிடக்கு. திடீர்னு மூடுபனி இறங்கும்... பக்கத்துல நிக்கிறவன் மூஞ்சி தெரியாது. ரெண்டு நிமிஷத்துல விலகிடும். எந்த தியேட்டர்லயும் கிடைக்காத எஃபெக்ட்!

ஆனா, குகையைப் பார்க்கலாம்னு போனீங்கன்னா ஏமாந்துடுவீங்க. உள்ளே போக அனுமதி இல்லை. கம்பி வேலி, எச்சரிக்கை போர்டு... அவ்வளவுதான். வேலிக்கு அந்தப் பக்கம் பாறை இடுக்கும் இருட்டும். 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' டீமே குகைக் காட்சிகளை கேரளாவுல, பெரும்பாவூர்ல செட் போட்டுத்தான் எடுத்தாங்க. நீங்க நகத்தைக் கடிச்சுக்கிட்டு பார்த்த அந்தக் குழி, அஜயன் சாலிசேரிங்கிற ஆர்ட் டைரக்டர் கைவண்ணம்!

கதை மட்டும் நிஜம். 2006-ல கொச்சி பக்கத்துல மஞ்ஞும்மல்லேர்ந்து டூர் வந்த நண்பர்கள்ல ஒருத்தர் குழிக்குள்ள விழுந்துட்டார். இறங்க எல்லாரும் தயங்கினப்போ, கூட வந்த நண்பர் ஒருத்தர் இடுப்புல கயிறு கட்டிக்கிட்டு இறங்கி, உயிரோட மீட்டு வந்தார். அதுக்காக அவருக்கு ஜீவன் ரக்‌ஷா பதக்கம் கிடைச்சுது. 2024 பிப்ரவரியில வந்த படம், டப்பிங்கூட பண்ணாம தமிழ்நாட்டுல அந்த ஓட்டம் ஓடினதுக்குக் காரணம் இந்த நட்புதான்.

அதே படத்தைப் பார்த்துட்டு வர்ற கூட்டம் அங்கே என்ன பண்ணுதுங்கிறீங்க? மரத்துல ஹார்ட் போட்டு பேரைச் செதுக்குது. வேலிக்கு மேல செல்போனை நீட்டி ரீல்ஸ் எடுக்குது. நம்ம மெக்கானிக்கல்காரன் இன்னும் ஒரு படி மேல! "வேலியைத் தாண்டி பத்தே செகண்ட்... ஒரு ரீல்ஸ் எடுத்துட்டு வந்துடறேன்"னு ஒரு காலைத் தூக்கி கம்பியில வெச்சுட்டான். ரெண்டு பேர் கேமராவை ஆன் பண்ணியாச்சு. "பயந்தாங்கொள்ளிடா நீ"னு ஒருத்தன் உசுப்பேத்துறான் வேற.

பஸ்ல ஒரு வார்த்தைகூடப் பேசாத சிவில்காரன் அவன் ஜெர்கினைப் பின்னாடிலேர்ந்து பிடிச்சான்.

"தாராளமா போ மச்சி. அதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். நீ விழுந்தா, கயிறு கட்டிக்கிட்டு இறங்கப் போறது நம்மள்ல யாரு? கையைத் தூக்குங்கடா."

ஒருத்தர் கையும் எழும்பலை. என் கையும்தான். அந்த ஏழு பேர் ஜாலி கேங்க்ல அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததே இல்லை. கேமராவெல்லாம் தன்னால பாக்கெட்டுக்குள்ள போயிடுச்சு. மெக்கானிக்கல்காரன் காலை இறக்கிட்டு, "பாறை சரியில்லைடா, ஃப்ரேம் நல்லா வராது"ன்னு சமாளிச்சான். அப்புறம் தூண் பாறை வரைக்கும் உர்ருனு வந்தவனை, சூடா ரெண்டு மிளகாய் பஜ்ஜிதான் சமாதானம் பண்ணுச்சு.

எனக்குத் தோணினது இதுதான். குழிக்குள்ள இறங்குற தைரியம் லட்சத்துல ஒருத்தருக்கு வரலாம். அதைப் படமா எடுத்தா நாம கைதட்டலாம். ஆனா, 'வேணாம்டா'ன்னு சட்டையைப் பிடிச்சு இழுக்க எல்லா கேங்க்லயும் ஒரு ஆள் கண்டிப்பா வேணும். அந்த ஆளை வெச்சு யாரும் படம் எடுக்க மாட்டாங்க. கதைதான் நடக்காம போயிடுதே!

நீங்க போறதா இருந்தா, 2024 மே 7-லேர்ந்து கொடைக்கானலுக்கு வண்டியில போறவங்களுக்கு இ-பாஸ் நடைமுறை கொண்டு வந்திருக்காங்க. கிளம்புறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்கங்க. ஜெர்கின் மறக்காதீங்க. குளிருக்கு மட்டும் இல்லைங்க... பின்னாடிலேர்ந்து பிடிச்சு இழுக்கவும் வசதியா இருக்கும்!