முகம் காணாத வசை

மொட்டைக் கடிதம் நம் ஊர்களுக்குப் புதியதன்று. பெயரை மறைத்து, கையெழுத்தையும் மாற்றி, அடுத்த ஊர் அஞ்சற் பெட்டியில் போட்டுவிட்டு நல்லவர்போல் நடமாடியவர்களை முதியோர் பலரும் அறிவர். ஆயினும் அதை எழுத அரைமணி நேரமாவது வேண்டியிருந்தது. அதற்குள் சினம் தணிந்து கிழித்தெறிந்தவர்களும் உண்டு. இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கு அந்தத் தாமதம் இல்லை. ‘டிரோல்’ என்றும் ‘கலாய்ப்பது’ என்றும் பெயரிட்டுவிட்டதால், செய்வது தவறு என்ற எண்ணமும் அவர்களுக்கு எழுவதில்லை.

நிக்டியில் சென்ற பொங்கல் விழாவில் என் பேத்தி ஒரு பாட்டுப் பாடினாள். வயது பதின்மூன்று. மராத்தி மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவள். ழகரம் இன்னும் அவள் நாவுக்கு வசப்படவில்லை. அக்காட்சியை யாரோ இணையத்தில் ஏற்றினர். இரண்டே நாளில் நாற்பது ஏளனங்கள் அதன்கீழ்ச் சேர்ந்துவிட்டன. அவற்றுள் மிகக் கூரியது பொய்ப்பெயரில் வந்தது. நாள்தோறும் மாடிப்படியில் என்னை வணங்கிச் செல்லும் பதினைந்து வயதுப் பிள்ளைதான் அதை எழுதியவன் என்பது, அவன் வழக்கமாகச் சொல்லும் ஒரு சொல்லாலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. எவரிடமும் அவள் சொல்லவில்லை. பாடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

செய்தி வெளிப்பட்டதும் அவனை அழைத்துக்கொண்டு பக்தி சக்தி சதுக்கம் வரை நடந்தேன். “எல்லோரும் எழுதினார்கள் தாத்தா, நானும் எழுதினேன். அவள் படிப்பாள் என்று நினைக்கவில்லை” என்றான். இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிடலாம். நான் தள்ளவில்லை. அதே வாரம் பள்ளியில் அவனுடைய மராத்தி உச்சரிப்பைக் கேட்டு ஒரு கூட்டம் சிரித்ததும் பேச்சினிடையே வெளிவந்தது.

பிறர் துன்பத்தில் இன்பம் காணும் இயல்பு இத்தகையோரிடம் மிகுதி என்று 2014இல் கனடா ஆய்வாளர் சிலர் கண்டனர். அப்படிப்பட்டவரும் இருக்கலாம். ஆனால் 2017இல் ஸ்டான்போர்டு, கார்னெல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வே எனக்கு இவனை விளக்கியது. அவர்கள் சிலருக்கு எளிய தேர்வும் சிலருக்குக் கடினமான தேர்வும் வைத்து, பின்னர் ஒரு செய்தியைப் பற்றிக் கருத்தெழுதச் செய்தனர். மனம் தெளிந்திருந்து, முன்னிருந்த கருத்துகளும் பண்பாக இருந்தவிடத்து 35 விழுக்காட்டினரே சீண்டியும் வைதும் எழுதினர். தேர்வில் மனம் நொந்து, முன்னே வசைகளையும் கண்டவர்களில் 68 விழுக்காட்டினர் அவ்வாறு எழுதினர். இத்தனைக்கும் அவர்கள் வளர்ந்தவர்கள்! பதினைந்து வயதுப் பிள்ளையிடம் நாம் எதை எதிர்பார்ப்பது?

முகம் தெரியாமையும், கேட்பவர் கண்ணில் நீர் வருவதைக் காணாமையும் மனத்தின் கட்டுகளை அவிழ்த்துவிடுகின்றன என்று அமெரிக்க உளவியலறிஞர் ஜான் சூலர் 2004இலேயே எழுதினார். 2019 ஜூலையில் நடந்ததை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். விஜய், அஜித் என்னும் இரு நடிகர்களின் அன்பர்கள் மோதிக்கொண்டதில், உயிரோடிருக்கும் விஜய்க்கு இரங்கல் கூறும் தொடர் டுவிட்டரில் நாடெங்கும் முன்னணிக்கு வந்தது. கிரிக்கெட் வீரர் அஸ்வின் அதைக் கண்டு வருந்தி எழுதினார். எழுதியவர்களுள் ஒருவரேனும் அந்நடிகரின் வீட்டு வாயிலில் நின்று அச்சொல்லைச் சொல்லியிருப்பாரா?

கைப்பேசியைப் பிடுங்கிவிடுங்கள் என்று சிலர் அறிவுரை கூறினர். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. நண்பனின் கைப்பேசி எப்போதும் கிடைக்கும். நான் அவனிடம் கேட்டது ஒன்றே: எழுதியதை எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டு என்றேன். இரண்டு சொல்லுக்குமேல் அவனால் படிக்க முடியவில்லை. அன்றிரவே அதை அழித்துவிட்டான். மறுநாள் தன் தாயுடன் எங்கள் வீட்டிற்கும் வந்து சென்றான். பேத்தி அவனுக்குத் தேநீர் கொடுத்தாள், பேசவில்லை.

அடுத்த விழாவில் பிள்ளைகளின் காட்சிகளை ஏற்றுவோர் பெற்றோரைக் கேட்டு ஏற்றவும், கருத்தெழுதும் பகுதியை மூடிவைக்கவும் வேண்டும் என்று நம் சங்கச் செயலாளரிடம் கூறியுள்ளேன். எஞ்சிய முப்பத்தொன்பது ஏளனங்களை எழுதியவர் யாவர் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவை இன்னும் அங்கேயே உள்ளன.